‘முன்னைவிட இப்போது’ என்றொரு பயிற்சி

ஆங்கிலத்தில் ஒன்றை இன்னொன்றோடு ஒப்பிட்டுப் பேசப் பிள்ளைகளுக்கு எப்படிப் படிப்பிப்பது என்று, ஆசிரியராகப் போகிற உங்களுக்குச் சொல்லத்தான் என்னைக் கூப்பிட்டிருக்கிறீர்கள். அதற்கு ஐந்து நிமிடம் போதும். சின்னச் சொல் என்றால் அதன் பின்னால் ஒரு வால் முளைக்கும், நீண்ட சொல் என்றால் முன்னால் ‘மோர்’ வந்து நிற்கும். நல்லது, கெட்டது மாதிரி நாலைந்து சண்டைக்காரச் சொற்கள் தம் எண்ணப்படி முழுதாக மாறும். தமிழில் உயரம் உயரமாகவே இருக்கும், ‘விட’ என்று ஒன்றைப் போட்டால் வேலை முடிந்தது. ஆங்கிலத்தில் சொல்லையே மாற்றுகிறார்கள். அதனால்தான் நம்முடைய பிள்ளைகள் ‘பெற்றர்’ மட்டும் போதுமான இடத்தில் இரண்டையும் சேர்த்து ‘மோர் பெற்றர்’ என்று சொல்லித் தொலைக்கிறார்கள். மிச்சமெல்லாம் புத்தகத்தில் இருக்கிறது, பாருங்கள். நான் சொல்ல வந்தது புத்தகத்தில் இல்லாதது. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். கொட்டாவி விடுகிறவர்கள் வெளியே போய் விட்டுவிட்டு வாருங்கள்.

நான் ஆசிரியையாகச் சேர்ந்த புதிதில் இந்தப் பாடத்துக்கு இரண்டு பெண்பிள்ளைகளை வகுப்பின் முன்னால் கூப்பிட்டு நிறுத்தினேன். நீங்களும் அதைத்தான் செய்வீர்கள், எல்லாரும் செய்கிறதுதான். இவள் அவளைவிட உயரம் என்று நான் தொடங்கி வைத்தேன். மிச்சத்தை வகுப்பு பார்த்துக்கொண்டது. இவள் அவளைவிடக் கறுப்பு, இவள் அவளைவிடக் குண்டு. எல்லாம் இலக்கணப் பிழையில்லாத வசனங்கள். அதில் ஒரு பிள்ளை தன் இடத்துக்குப் போய் மேசையில் முகத்தை வைத்தவள், மணி அடித்தும் நிமிரவில்லை.

அங்கே ஆங்கிலப் பகுதிக்குத் தலைவியாக இருந்த மூத்த ஆசிரியையின் காதுக்கு இது எப்படியோ போய்விட்டது. தண்ணீர்க் குழாயடியில் வைத்துப் பிடித்துக்கொண்டா. “உயிருள்ளதை உயிருள்ளதோடை வைச்சு நிறுக்கிறதுக்கு நீ ஆரடி? பிள்ளை தன்னைத் தன்னோடை ஒப்பிடட்டும். முன்னம் எப்பிடி, இப்ப எப்பிடி. அதுக்கு மேலை ஒரு சொல்லும் வேண்டாம்.” எனக்கு அந்த மனுசியைக் கண்ணில் காட்டக்கூடாது. ஆனால் சொன்னது சரி என்று பட்டது. அன்றிலிருந்து நான் வேலை விட்டு இளைப்பாறும்வரை என் வகுப்பில் அந்தப் பயிற்சி ஒன்றுதான்: முன்னைவிட இப்போது. அதற்கு நானாகச் சேர்த்த சட்டம் ஒன்று உண்டு. மெய்யை மட்டுமே சொல்ல வேண்டும். பொய் வசனம் நாக்கில் தங்காது, சோதனை மண்டபத்தில் கைவிட்டுவிடும் என்பது என் நம்பிக்கை. அந்தச் சட்டத்தில் எனக்குப் பெரிய பெருமையும் இருந்தது.

இளைப்பாறிய பிறகு சும்மா இருக்கத் தெரியாமல் கோப்பாயில் என் வீட்டு விறாந்தையில் வகுப்பு வைத்தேன். வந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் புதுப் பெண்கள். மாப்பிள்ளை லண்டனில் இருந்து வந்து, தாலி கட்டி, பதிவு எழுதி, லீவு முடிய விமானம் ஏறிவிடுவார். பெண் அவரிடம் போக வேண்டுமானால் கொழும்பில் ஒருவர் முன்னால் இருந்து ஆங்கிலத்தில் கதைத்துக் காட்டி, அந்தச் சோதனையில் சித்தியடைய வேண்டும். சித்தி என்றால் விசா, இல்லையென்றால் திரும்பவும் என் விறாந்தை.

தர்சிகா அப்படி வந்தவள்தான். தொண்டைமானாற்றுப் பிள்ளை, தகப்பன் கடற்றொழில். கல்யாணம் முடிந்த பிள்ளையைப் புருசனிடம் ஒப்படைக்கும்வரை தனியே விடக்கூடாது என்று தாயும் அச்சுவேலியால் வருகிற பஸ்ஸில் கூடவே வருவா. மகள் படித்து முடியும்வரை விறாந்தை மூலையில் கதிரையைப் போட்டுக்கொண்டு இருப்பா. ஒரு சொல் விளங்காது. “விளங்காட்டி என்ன ரீச்சர், கேக்க நல்லாயிருக்கு. மேளக்கச்சேரி கேக்கிற மாதிரி” என்று ஒருநாள் சொன்னா. சம்பந்தம் பேசியவர் லண்டனில் இருக்கிற அவவுடைய சொந்தத் தம்பி. சந்நிதி முருகனுக்கு நேர்த்தி வைத்துக் கிடைத்த மாப்பிள்ளை என்று அவவுக்குக் கால் நிலத்தில் படவில்லை.

நான் படிப்பித்த பிள்ளைகளுக்குள் தர்சிகாவைப் போல ஒருத்தி இல்லை. கதைக்கிறதை விரும்பிக் கதைப்பாள். ஒரு பிழையை ஒருமுறை திருத்தினால் போதும். இவள் போகாமல் இங்கேயே நின்றால் என் வகுப்பை இவள் கையில் கொடுத்துவிட்டுக் காலை நீட்டிக்கொண்டிருக்கலாமே என்று நான் ஆசைப்பட்டதும் உண்டு.

ஒருநாள் பின்னேரம் நல்ல மழை. மற்றப் பிள்ளைகள் வரவில்லை. தர்சிகாவும் தாயும் மட்டும் ஒரு குடைக்குள் நனைந்தபடி வந்து சேர்ந்தார்கள். அன்றைக்குத்தான் ‘முன்னைவிட இப்போது’. சோதனைக்கு நாள் கிட்டிவிட்டது, நிறுத்தாமல் கதை, நான் இடையில் திருத்தமாட்டேன் என்றேன். அவள் ஆங்கிலத்தில் சொன்னதை உங்களுக்குத் தமிழில் சொல்கிறேன்.

“முன்னைவிட இப்போது நான் மெலிவு. என் நித்திரை முன்னைவிடக் குறைவு. அம்மாவோ மாமாவோ பக்கத்தில் இருக்கும்போது போனில் என் கணவரின் குரல் மென்மையாக இருக்கும். நான் தனியாக இருக்கும்போது அது கடுமையாக இருக்கும். கல்யாணத்துக்கு முந்தியதைவிட இப்போது இன்னும் கடுமை. நான் எங்கே போனேன், யாருடன் கதைத்தேன் என்று கேட்பார். சொன்னால் நம்பமாட்டார். நீ இங்கே வந்த பிறகு போனைவிட என் கை உனக்குக் கிட்ட இருக்கும் என்று சொன்னார். முன்பு நான் கடலுக்குப் பயப்பட்டேன். இப்போது கடலைவிடப் போனுக்குப் பயப்படுகிறேன்.”

பிள்ளைகள், நான் ஒன்றை மறைக்காமல் சொல்லவேண்டும். இதைக் கேட்டுக்கொண்டிருந்தபோது என் மனதில் முதலில் ஓடியது, ‘அட, ஒரு பிழையும் இல்லையே’ என்பதுதான். அதற்குப் பிறகுதான் அவள் சொன்னது என்னவென்று எனக்கு உறைத்தது. எங்கள் தொழிலின் சாபக்கேடு அது. உங்களையும் பிடிக்கும், கவனமாக இருங்கள்.

மூலையில் இருந்த தாய்க்கு வாயெல்லாம் பல். “என்ன ரீச்சர் சொன்னவள்? கனக்கக் கதைச்சாள்!”

நான் தாயைப் பார்க்காமல் மகளிடம் ஆங்கிலத்தில் கேட்டேன். “அம்மாவுக்கு நான் சொல்லட்டுமா?”

“வேண்டாம்.”

“உனக்குச் சொல்லப் பயம் என்றால் நான் சொல்கிறேன்.”

“நீங்கள் சொன்னால் அம்மா மாமாவிடம் கேட்பா. மாமா அவரிடம் கேட்பார். அவர் சிரித்துக்கொண்டு இல்லை என்பார். அதற்குப் பிறகு போன் எனக்குத்தான் வரும். நீங்கள் சொன்னாலும் நான் இல்லை என்றுதான் சொல்வேன், ரீச்சர்.”

“அப்படியென்றால் ஏன் என்னிடம் சொன்னாய்?”

“மெய்யைத்தான் சொல்ல வேண்டும் என்றீர்கள். தமிழில் வாய் வரவில்லை.”

தாய் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துப் பூரித்துப்போய் இருந்தா. “என்ரை பிள்ளை ரீச்சரோடையே சரிக்குச் சரி இங்கிலிசு கதைக்கிறாள்! உவளின்ரை தகப்பன் இதைக் கேக்க வேணும்” என்று தனக்குள் சொல்லிக்கொண்டா. ஐயோ, அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு அந்தக் கதையைக் கதைத்தது போல ஒரு வேதனை எனக்கு வாழ்நாளில் வந்ததில்லை. தாயின் தலைக்கு மேலால் நாங்கள் இருவரும் தாயைப் பற்றியே கதைத்துக்கொண்டிருக்கிறோம், அவவோ கச்சேரி கேட்கிறா.

தர்சிகா கடைசியாக ஒன்று கேட்டாள். “நான் ஆயத்தமில்லை என்று சொல்லுங்கள் ரீச்சர். கொஞ்ச நாள் கிடைக்கும். பிறகு யோசிப்போம்.”

யோசிக்க எனக்கு எவ்வளவு நேரம் இருந்தது? தாய் மறுமொழிக்குக் காத்துக்கொண்டு இருக்கிறா. சொன்னால் இந்தப் பிள்ளை என் கையை விட்டுப் போய்விடும், கதை அவன் காதுக்கும் போய்விடும். சொல்லாவிட்டால் இன்னும் கொஞ்சக் காலமாவது என் விறாந்தையில் இருப்பாள். நான் இரண்டாவதைத் தேர்ந்தேன்.

“தங்கச்சி, இவள் இன்னும் ஆயத்தமில்லை” என்று தாயிடம் தமிழில் சொன்னேன்.

தாயின் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. “என்ன ரீச்சர் சொல்லுறியள்? இவ்வளவு நேரமும் வெளியிலை பெய்யிற மழை மாதிரிக் கதைச்சாளே?”

“கதைச்சவள்தான். முழுக்கப் பிழை.”

நான் படிப்பித்த காலத்திலேயே கேட்ட, ஒரு பிழையும் இல்லாத ஒரே பேச்சைத்தான் முழுக்கப் பிழை என்றேன். தாய் எழும்பி மகளுக்கு முன்னால் வந்து நின்றா. “கேட்டியே? ரீச்சர் சொல்லுறது கேட்டுதே? நான் ஒரு விசரி, ஒண்டும் விளங்காமல் மூலையிலை இருந்து சிரிச்சுக்கொண்டிருந்தன். இவ்வளவு நாளும் இங்கை வந்து என்னடி படிச்சனி?” தர்சிகா தலை குனிந்துகொண்டு நின்றாள். பிழை விட்ட பிள்ளை எப்படி நிற்குமோ அப்படியே நின்றாள்.

கொஞ்ச நாள் கிடைக்கும் என்று நாங்கள் போட்ட கணக்குச் சரிவரவில்லை. ரீச்சர்மார் அப்படித்தான் இழுத்தடிப்பார்கள், பிள்ளையைக் கொழும்புக்கு அனுப்பு என்று லண்டன் மாமன் சொல்லிவிட்டார். தாய்க்கு என்மேல் சரியான கோபம். வகுப்பு நின்றது. எனக்குப் போன் எடுத்து, “உங்களிட்டைக் கொண்டுவந்து விட்டது என்ரை பிழை ரீச்சர்” என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டா.

கொழும்பில் நடந்ததைத் தர்சிகாவே வந்து சொன்னாள். என்னிடம் வாங்கிய புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கிறேன் என்று வந்தாள். தாய் உள்ளே வராமல் கேற்றடியில் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றா.

“சோதிச்சவ நல்ல மனுசி ரீச்சர். என்ரை பேரைக் கேட்டா, அது மட்டும் சொன்னன். பிறகு என்ன கேட்டாலும் தெரியாது எண்டனான்.”

“என்ன கேட்டவ?”

“என்ரை ஊர்ப் பேரைக் கேட்டா. தொண்டைமானாறு எண்டு வாய் வரைக்கும் வந்தது. விழுங்கிப்போட்டன்.”

எனக்கு அழுகை வந்தது. அவள் அழவில்லை. நான் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போ என்றேன். அம்மா நிற்கிறா, வாறன் ரீச்சர் என்று போய்விட்டாள்.

மாமன் வேறு இடத்தில் வகுப்பு ஒழுங்கு செய்தார். இரண்டாம் முறையும் அதே கதை. கடைசியில் மாப்பிள்ளை பொறுமை கெட்டு, இந்த மொக்குப் பெட்டை எனக்குச் சரிவராது என்று சொல்லி விவாகரத்து எடுத்துக்கொண்டார். தர்சிகா தப்பினாள். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இவள் வாயை மூடி உயிர் பிழைத்தாள். அப்பாடா என்று நான் அன்றைக்கு மூச்சு விட்டேன். உங்களில் சிலரும் இப்போது விட்டிருப்பீர்கள், தெரிகிறது.

ஆனால் எதைக் கொடுத்துத் தப்பினாள் என்று பாருங்கள். இரண்டு முறை ஆங்கிலத்தில் தோற்ற பிள்ளை என்று ஊருக்கே தெரியும். இனி அவள் வாயைத் திறந்து நாலு வார்த்தை ஆங்கிலம் கதைத்தால், அப்படியென்றால் அன்றைக்கு ஏன் கதைக்கவில்லை என்று கேள்வி வரும். என் வகுப்பில் உதவிக்கு வா என்று ஆள் விட்டுப் பார்த்தேன். தாய், பகிடி விடுகிறாவோ உந்த ரீச்சர் என்று கேட்டாவாம். உங்களோடு இந்தக் கதிரைகளில் ஒன்றில் இருந்திருக்க வேண்டியவள் அச்சுவேலியில் ஒரு தையல் கடையில் சட்டைக்குத் தெறி, பொத்தான் என்று தைத்துக்கொண்டிருக்கிறாள். தெறி தைக்கிறது குறைவென்று சொல்லவில்லை. அவள் விரும்பியது அதில்லை.

அன்றைக்கே தாய்க்குச் சொல்லியிருக்க வேண்டுமோ என்று எத்தனையோ முறை எனக்குள்ளே வழக்காடிப் பார்த்துவிட்டேன். பிள்ளை என்னை நம்பிச் சொன்னதை அவள் வேண்டாமென்ற பிறகு எடுத்துச் சொல்ல எனக்கு உரிமை இல்லை என்றுதான் அன்று நினைத்தேன். அது பிழை என்று இன்றைக்கும் என்னால் ஒரேயடியாகச் சொல்ல முடியவில்லை. உங்கள் வகுப்பிலும் ஒரு பிள்ளை ஒருநாள் மெய்யைச் சொல்லும். அந்த நேரம் இலக்கணம் பார்க்கிற காதை மூடிவிட்டு மற்றக் காதால் கேளுங்கள். கேட்ட பிறகு என்ன செய்வது என்று சொல்லித்தர எனக்குத் தெரியாது. அந்த ஒரு பிள்ளையை மட்டும் பார்க்காதீர்கள் என்று மட்டும் சொல்வேன். ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதற்கு இன்னும் கொஞ்சம் கதை இருக்கிறது.

போன முறை சந்நிதித் திருவிழாவுக்குப் போயிருந்தேன். கச்சான் கடலைக் கடைப் பக்கமாகத் தர்சிகா நின்றாள். தாய் கடைக்காரியோடு விலை கதைத்துக்கொண்டிருந்தா. நான் கிட்டப் போய், “முன்னைவிட இப்போது சந்தோசமா?” என்று ஆங்கிலத்தில் மெல்லக் கேட்டேன். அவள் முதலில் தாய் எவ்வளவு தூரத்தில் நிற்கிறா என்று பார்த்தாள். பிறகு ஆங்கிலத்திலேயே, “சந்தோசம் என்றில்லை ரீச்சர். பயம் குறைவு” என்றாள். அந்த மூன்று நாலு சொல்லைச் சொல்லும்போது அவளுடைய முகம் எப்படி வெளித்தது தெரியுமா!

அதற்குள் தாய் வந்துவிட்டா. என்னைக் கண்டதும் கையைப் பிடித்துக்கொண்டா. “ரீச்சர், அந்த நேரம் உங்களோடை கோவிச்சுப்போட்டன். முருகன்ரை வாசலிலை நிண்டு சொல்லுறன், மனசிலை வைச்சிருக்காதேங்கோ. உங்களிலை ஒரு பிழையும் இல்லை. சட்டியிலை இருந்தால்தானே அகப்பையிலை வரும்?”

தர்சிகா கச்சானை உடைத்துக்கொண்டே, “ஓம் ரீச்சர், எனக்கு உது ஏறாது” என்றாள். அவள் கண் என் முகத்தில் நின்றது.

“இவளை விட்ட அந்தப் பெடியன் பேந்து ஒரு பிள்ளையைக் கலியாணம் செய்திட்டான் ரீச்சர்” என்று தாய் தொடர்ந்தா. “உங்கடை கோப்பாய்ப் பிள்ளைதானாம். கெட்டிக்காரியாம். முதல் தரமே பாஸ் பண்ணி, போயும் சேர்ந்திட்டாளாம். என்ரை தம்பிதான் சொன்னவன். அதுக்கெல்லாம் குடுத்து வைச்சிருக்க வேணும், என்ன?”

தர்சிகாவுக்கு அது புதுச் செய்தி. கச்சான் உடைத்த கை அப்படியே நின்றுவிட்டது. என்னைப் பார்த்தாள். அவளும் நானும் சேர்ந்து கட்டிக்காத்த ஊமைத்தனத்துக்கு என்ன விலை என்று இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் விளங்கியது. எங்கள் இருவரையும் தவிர அவனைப் பற்றித் தெரிந்தவர் ஒருவருமில்லை. மாமனுக்குத் தெரியாது, தாய்க்குத் தெரியாது, கோப்பாயில் இருந்து போன அந்தப் பிள்ளைக்கு எப்படித் தெரியும்?

அந்த வீட்டை விசாரித்துத் தேடிப் போனேன். என் வீட்டில் இருந்து நடந்து போகிற தூரம்தான். பக்கத்தில் ஆங்கிலம் படிப்பிக்கிற ரீச்சர், லண்டன் போன பிள்ளை சுகமாக இருக்கிறாளோ என்று கேட்டுப் போக வந்தேன் என்று சொல்லிக்கொண்டு உள்ளே போனேன். அந்தப் பிள்ளையின் தாய் நல்ல மனுசி. சுவரில் மாட்டியிருந்த கல்யாணப் படத்தைக் காட்டினா. வாயெல்லாம் சிரிப்பாக ஒரு சின்னப் பிள்ளை, பக்கத்தில் அவன். பிள்ளை போன் எடுக்கிறவளோ, அங்கே எப்படியாம் என்று கேட்டேன்.

“சோக்கா இருக்கிறாள் ரீச்சர். மாப்பிள்ளைக்கு அவளிலை அப்பிடி ஒரு பட்சம். நாங்கள் எந்த நேரம் எடுத்தாலும் அவர் பக்கத்திலைதான் இருப்பார். அவளைத் தனிய ஒரு சொல் கதைக்க விடமாட்டார்.”